பதில் வணக்கம்

திருப்பூர்க்காரரான குழந்தைவேல் கடல்கடந்து அந்தத் தையல் ஆலையை வாங்கியபோது, அந்நாட்டு வழக்கத்தையும் பழக வேண்டியிருந்தது. காலையில் முதலாளிதான் ஒவ்வொரு தொழிலாளியின் முன்பும் போய் நின்று, நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. முதல் நாள் அவர் கடைசி மெஷினை மட்டும் விட்டுவிட்டார். அங்கே காலி ஸ்டூல்தான் இருந்தது. கூடத்தில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

"அந்தப் பொண்ணுக்கும் சொல்லோணுமுங்க," என்றாள் அங்கேயே பல வருடமாக வேலை பார்க்கும் கொங்குநாட்டுக்காரி, சூப்பர்வைசர் சுலோச்சனா.

"ஆரும்மா இருக்கறா அங்க?"

"போன வருசம் தீப்புடிச்சப்ப உள்ளயே சிக்கிட்டாளுங்க. ஆலைய வாங்குனா ஆளுகளையும் சேத்து ஏத்துக்கோணும், இங்கத்த சட்டம். அவ இன்னும் வேலைய விட்டு நின்னுக்கறேன்னு சொல்லுலீங்க."

குழந்தைவேல் சிரித்தார். ஸ்டூலைக் கிடங்கில் போடச் சொன்னார். மறுநாள் அத்தனை பெண்களும் தங்கள் ஸ்டூல்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் கோபமில்லை.

அவரே கிடங்குக்குப் போய் அந்த ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். விரல்களில் கரி ஒட்டியது. வெள்ளைச் சட்டையில் அந்தக் கையை வைத்து வணக்கம் சொன்னார். எல்லோரும் ஸ்டூலையே பார்த்தார்கள். பிறகு ஒருத்தி புன்னகைத்தாள், ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், மெஷின்கள் ஓடத் தொடங்கின.

குழந்தைவேலின் கை நெஞ்சிலேயே இருந்தது.

"பதில் சொல்லீட்டாளா?"

"சொல்லீட்டாளுங்களே," என்றாள் சுலோச்சனா. "உங்களுக்குக் கேக்குலீங்களா?"