மூன்று மடல் இழை

காப்புரிமை அலுவலகத்தில் சம்பூரணத்துக்கு 'சாதாரணத் தொழிலாளி' வேலை. கண்டுபிடிப்பைக் காட்டாமல் சிக்கலை மட்டும் சொல்வார்கள். சாதாரண ஆளான அவளுக்கே விடை தோன்றிவிட்டால் அது கண்டுபிடிப்பே இல்லை, யாருக்கும் காப்புரிமை கிடையாது.

அன்றைய சிக்கல், கம்பளத்தில் அழுக்குத் தெரியக் கூடாது என்பது. பத்தே நிமிடத்தில், குறுக்கே வெட்டினால் வில்வ இலைபோல மூன்று மடல் தெரியும் இழையை வரைந்தாள். விண்ணப்பித்த நிறுவனம் உரிமை கேட்டிருந்ததும் அதே வடிவத்துக்குத்தான். கிடைத்துவிட்டால், கரூரில் அவள் முன்பு வேலை பார்த்த கம்பள மில் போட்டி போட முடியாமல் மூட வேண்டியதுதான்.

"நீங்க சாதாரண ஆளே இல்லம்மா. சோதனை செல்லாது. உங்க வேலையும் முடிஞ்சுது," என்றார் அதிகாரி.

"வேலை போனாப் போகுதுங்க. எங்க மில்லுல யாரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க." அவள் நகரவில்லை.

மறுநாள் மில்லிலிருந்து வந்த இருபது பேர் தனித்தனி அறையில் வரைந்தார்கள். பத்தொன்பது பேர் மூன்று மடல் போட்டார்கள். விண்ணப்பம் தள்ளுபடியானது.

வெறும் வட்டம் போட்ட இருபதாவது ஆளுக்கு அவள் வேலை கிடைத்தது. சம்பூரணம் மற்றவர்களோடு கரூர் பஸ்ஸில் ஏறினாள்.