வேலை போன காரணம்

"பட்டாளத்துல இருந்து உங்களை ஏன் நீக்கினாங்க தம்பி?" என்றார் வீட்டுக்காரர்.

இந்தக் கேள்வியிலேயே எத்தனை வாடகை வீடு கைநழுவியிருக்கிறது! பக்கத்திலிருந்த மனைவி அவனை ரகசியமாகக் கிள்ளினாள். அவனா பொய் சொல்கிற ஆள்?

"ஒரு கைதியை அடிச்சு வாக்குமூலம் வாங்கச் சொன்னாங்க. 'கட்டிப்போட்ட மனுஷனை அடிக்க என்னால முடியாது சார்'னு தடியைக் கீழே போட்டுட்டேன்."

வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "அதிகாரிகிட்ட சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க."

குழப்பத்தோடு சொன்னான்.

இந்த வீடும் போச்சு என்று அவள் எழுந்தாள். வீட்டுக்காரர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"அன்னிக்கு என் கண்ணைக் கட்டியிருந்தாங்கம்மா. குரலை மட்டும்தான் கேட்டேன். முகத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்."