சிவப்பு டவுசர்

காத்து அடிச்சது ரெண்டே செகண்டுதான். அதுக்குள்ள சர்ச் படியில நின்ன எல்லாரும் பாத்துட்டாங்க.

பெரிய போதகர் ஐயாவோட வெள்ளை அங்கி இடுப்பு வரைக்கும் தூக்குச்சு. உள்ளே இருந்தது, பந்து விளையாடற பசங்க போடுவாங்களே, அந்த மாதிரி சிவப்பு டவுசர். ஓரத்துல ஏழுன்னு நம்பர் வேற.

பக்கத்துல நின்ன உதவிப் போதகர் சின்ன ஐயாவுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. 'இன்னையோட மனுஷனுக்கு மானம் போச்சு.'

போகலை.

"ஐயா, எத்தனை கோல் போட்டீங்க?"ன்னு ஒருத்தர் கேட்டார்.

"எங்கேப்பா! இந்த வயசுக்கு கோல்கீப்பர் வேலைதான் குடுக்கறாங்க."

சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் அவரைச் சுத்தி நின்னாங்களே தவிர ஒருத்தரும் நகரலை.

வார்த்த பால் திரிஞ்சு போச்சு.

சின்ன ஐயா இந்தச் சபைக்கு வந்து ஆறு மாசம். ஒரு பிரசங்கத்துக்கு வாரம் முழுக்கப் படிச்சுட்டு வருவார். ஜனங்க வாட்ச்சைப் பாப்பாங்க. பெரிய ஐயா இருமினாக்கூட தலையாட்டுவாங்க. புது மண்டபத்துல முதல் பிரசங்கம் யாருக்குன்னு சனிக்கிழமை கமிட்டி கூடுது. சும்மா விட்டா அதுவும் அவருக்குத்தான் போகும்.

ஆனா சபை விதின்னு ஒண்ணு இருக்கே! அங்கிக்குள்ள கணுக்கால் வரைக்கும் வெள்ளை பைஜாமா போடணும். அதுக்குன்னே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா சபை ஸ்டோர்லேருந்து ஆளுக்கு நாலு குடுப்பாங்க.

சின்ன ஐயா நேரா லாண்டரிக்குப் போனார். ரெண்டு பேர் துணியும் வெளுக்கறது அங்கதான்.

"அண்ணே, பெரிய ஐயா கடைசியா எப்போ பைஜாமா வெளுக்கப் போட்டார்?"

லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சார். "அவர் மார்க்குலயா? ஆறு மாசம் இருக்கும்."

"மார்க்கா?"

"துணி மாறாம இருக்க இடுப்புப் பட்டியில மை வெப்போமே. அவருக்கு மூணு புள்ளி. உங்களுக்கு ஒரு கோடு."

"ஆறு மாசம்! அதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. கமிட்டிக்கு வேணும்."

"எதுக்குங்க ஐயா வம்பு?"

"வம்பு இல்லேண்ணே, ஒழுங்கு. எனக்கும்தான் வேர்க்குது, நான் போடலையா? வந்த அன்னைக்கே நாலும் என் கட்டில் மேல மடிச்சு இருந்துச்சு. என்ன மெத்துமெத்துன்னு துணி! ஆளைப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க."

லாண்டரிக்காரர் மறுபடியும் இஸ்திரி போட ஆரம்பிச்சார்.

"அவரோட நாலும் என்னாச்சு? தூக்கிப் போட்டுட்டாரா?"

"ஒருத்தருக்குக் குடுத்துட்டாருங்க. பழைய மார்க் மேலேயே புது மார்க் போடச் சொன்னார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார்."

"சபைச் சொத்துல தானமா! அதையும் எழுதுங்க!"

"அவர் புதுசா வந்தவருங்க. ஸ்டோர்ல ஸ்டாக் இல்லை. 'முதல் நாளே நாலு பேர் முன்னாடி கூசிக்கிட்டு நிக்கக் கூடாது, பாவம். எனக்கென்ன, பேரன் டவுசர் போதும்'னார்."

"அந்த ஆளுக்காவது வெக்கம் வேணாம்? அடுத்தவர் பைஜாமாவை மாட்டிக்கிட்டு ஆறு மாசமாத் திரியறானே! அவன் பேரையும் எழுதுங்க!"

லாண்டரிக்காரர் குனிஞ்சு, மடிச்சு வெச்சிருந்த மூணு பைஜாமாவை எடுத்து மேஜை மேல வெச்சார்.

"இந்தாங்க, உங்களோடது. மூணும் இஸ்திரி போட்டாச்சு. நாலாவதுலயும் கோட்டுக்கு அடியில மூணு புள்ளி தெரியும். இங்க அவுத்துப் பாக்க வேண்டாம் ஐயா, வீட்டுக்குப் போய்ப் பாருங்க."