பாண்டிமீனாவின் போட்டோ

"பாண்டிமீனா வீடு இதுதானேம்மா?"

வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்த பஞ்சம்மாள் நிமிர்ந்தாள். பைக்கின் முன்னால் 'பிரஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"இதான். நான் அவ அம்மா. நீங்க யாரு தம்பி?"

"பேப்பர் ஆபீஸ்ல இருந்து வாறேன்மா. பேரு ரியாஸ். பாண்டிமீனா போட்டோ ஒண்ணு வேணும். நாளைக்குப் பேப்பர்ல போடணும்."

சொல்லிவிட்டு முகம்மது ரியாஸ் அவள் வாயையே பார்த்தான். அடுத்து 'எதுக்கு?' என்று கேட்பாள். என்ன பொய் சொல்லலாம் என்று விருதுநகரிலிருந்து தாயில்பட்டி வருகிற வரைக்கும் யோசித்தும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை.

விஷயம் இதுதான். மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே தடகளப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் பாண்டிமீனா முதலிடம். கல்லூரி கோச் சொர்ணலட்சுமி போனில் சொன்னபோது ரியாஸ் துள்ளிக் குதித்தான். அவன் விளையாட்டுச் செய்தி மட்டும் எழுதும் பகுதிநேர நிருபர். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இதுவரை அவன் எழுதிய பூப்பந்தும் வாலிபாலும் பக்கத்தின் மூலையில் நாலு வரியாகத்தான் வந்திருக்கின்றன. "ஏலே, உன் நியூஸைப் படிக்க பூதக்கண்ணாடி வாங்கணும்போல" என்று பருப்பு மண்டி வைத்திருக்கும் அத்தா தினமும் கிண்டலடிப்பார்.

இன்றைக்கு மதுரை ஆபீஸில் மனம் இரங்கியிருந்தார்கள். "படத்தோட அனுப்பு, மூணு பத்தியில பெருசாப் போடுறோம். ஆறு மணிக்குள்ள வரணும். படம் இல்லேன்னா நாலு வரிதான்."

கல்லூரிக்கு விடுமுறை, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. வீட்டில்தான் படம் வாங்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"அவுக அம்மாவுக்கு இவ ஓடுறதே பிடிக்காது சார். வீட்டுல வேற என்னத்தையோ சொல்லிட்டுத்தான் வந்திருக்கா. நீங்க போட்டுக் குடுத்துடாதீக. மெடலோட அவளே போய்ச் சொல்லிக்கட்டும்" என்று கோச் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார்.

ஆனால் பஞ்சம்மாள் எதற்கு என்று கேட்கவே இல்லை. கையிலிருந்த சட்டி நழுவி விழுந்து உருண்டு ஓடியது. அதை எடுக்காமல் தெருவுக்கு வந்து வானத்தை நாலா பக்கமும் பார்த்தாள். மழை வருகிறதோ என்று ரியாஸும் அண்ணாந்து பார்த்தான். பொட்டு மேகம் இல்லை.

"எங்கன இருக்கா இப்ப?"

"மதுரையில" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். போச்சு, அந்தப் பெண்ணை நன்றாக மாட்டிவிட்டாயிற்று!

"மதுரைக்கே கொண்டுபோயிட்டாகளா?"

குரல் அடங்கிப்போயிருந்தது. கத்தித் தீர்க்கிற கோபத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். இப்படி அடக்கி வைத்துக்கொள்கிறவர்களிடம்தான் அவனுக்குப் பயம்.

"கூட இருந்த பிள்ளைக?"

"எல்லாரும் அங்கனதாம்மா இருக்காக."

இனி மூடி மறைத்துப் பிரயோசனமில்லை, சமாதானமாவது செய்து பார்ப்போம் என்று தோன்றியது. "அவளை வையாதீகம்மா. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

"இனிமே நான் எதுக்குத் தம்பி அவளை வையப் போறேன்?"

அப்பாடா! ரியாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எத்தனை பொல்லாத தாயாக இருந்தாலும் பெற்ற மனம்தானே, இளகிவிட்டது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். போனவள் வெளியே வருவதாகத் தெரியவில்லை. ரியாஸ் வாட்சைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக நின்றான். இங்கிருந்து சிவகாசிக்குப் போய், பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி அனுப்ப வேண்டும். அங்கே கரண்ட் இல்லாமல் போனால் எல்லாம் பாழ்.

ஒருவழியாக வந்தாள். கையில் பாஸ்போர்ட் சைஸ் படம். முந்தானையால் அதைத் துடைத்தாள், பார்த்தாள், மறுபடி துடைத்தாள். நீட்டினாளே தவிர விரல்களை விடவில்லை. ரியாஸ்தான் மெல்ல உருவிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதற்குள் தெருவில் பெண்கள் கூடிவிட்டார்கள். எல்லாக் கண்களும் கேமராவின் மேலேயே இருந்தன. ஓட்டப்பந்தயத்துக்கு இத்தனை எதிர்ப்பா என்று ரியாஸ் பைக்கில் ஏறி உட்கார்ந்தான். தர்ம அடி விழுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது. பைக்கை உதைத்தான், அது அன்றைக்கென்று பார்த்து அடம்பிடித்தது.

"நாளைக்குக் காலையில பாருங்கம்மா, படம் பெருசா வரும். ஊரே பார்க்கும்" என்று சிரித்து வைத்தான்.

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் ஓடிவந்து, சரிந்த பஞ்சம்மாளைத் தாங்கிப் பிடித்தாள். "போன வருசம் என் வீட்டு ஆளுக்கும் இப்படித்தான். ஆஸ்பத்திரியில இருந்து சேதி வர்றதுக்கு முன்னால, பேப்பர்க்காரகதான் போட்டோ கேட்டு வந்து நின்னாக" என்று வெடித்து அழுதாள்.

பஞ்சம்மாள் அவளை விலக்கிவிட்டு வந்து பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க தம்பி. லீவுதானே, பட்டாசு வேலைக்குப் போயிட்டு வாறேம்மான்னு காலையில சொல்லிட்டுப் போனவ... முகமாச்சும் அடையாளம் தெரியுற மாதிரி கெடக்காளா?"