இன்றைக்கு என்ன நல்லது

இன்றைக்கு முதலில் சொல்ல வேண்டியவள் ஜலஜா. அவளோ பெசன்ட் நகர் கடற்கரை மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்தில் அவள் கணவர் சங்கரன், மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார். சட்டைக்குள் பாதி ஆள்தான் மிச்சம்.

இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர் அவர்தான். நந்தனத்தில் அவருடைய ஆபீஸில் ஊழியர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவதற்கென்று டை கட்டிய ஒருவரை வரவழைத்து நாள் முழுக்கப் பேசவைத்தார்கள். சாப்பாடு பிரமாதம், பேச்சு சகிக்கவில்லை என்றுதான் வீட்டுக்கு வந்து சொன்னார். ஆனால் அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். தினம் சாயங்காலம் ஆளுக்கு ஒரு நல்லது சொல்ல வேண்டும்.

பொய் சொல்லக்கூடாது. ஊதிப் பெரிதாக்கக்கூடாது. ‘நல்லவேளை, இதோடு போச்சே’ ரகமெல்லாம் செல்லாது. அது டைக்காரர் சொல்லாதது, இவர் சேர்த்தது.

ஆரம்பத்தில் ஜலஜா, இன்றைக்குப் பால் திரியவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். திரியாமல் இருப்பது பாலின் கடமை, வேறு சொல் என்றுவிட்டார். மனுஷர் லேசுப்பட்டவரல்ல.

அப்புறம் ஒரு சொட்டுக் குடித்தறியாத அந்த மனுஷருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, காரம் கூடாது. கஞ்சியும் வேகவைத்த புடலங்காயுமாக மாதங்கள் ஓடின. அப்போதும் ஒரு சாயங்காலத்தையும் அவர் விடவில்லை.

கொஞ்ச நாளாக அவர் சொல்லும் நல்லதெல்லாம் அவளைப் பற்றியே இருந்தது. ஜலஜா ஃப்யூஸ் போடக் கற்றுக்கொண்டாள். ஜலஜா காஸ் சிலிண்டரைத் தானே மாட்டினாள். பம்பாயில் இருக்கும் பெண்ணுக்கு ஜலஜாவே பூத்துக்குப் போய் எஸ்.டி.டி. போட்டுப் பேசினாள். இதெல்லாம் ஒரு நல்லதா என்று அவள் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் இன்று காலையோடு சரி.

அடையாறில் இருக்கும் டாக்டர் அவளை மட்டும் வரச்சொல்லியிருந்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. இனிமேல் வைத்தியம் என்று ஒன்றும் இல்லை, மாத்திரையை நிறுத்திவிடலாம், பத்தியமும் வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார்.

ஜலஜா பிறந்த வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட இல்லை என்று சொல்லமாட்டார்கள். நிறைஞ்சிருக்கு என்பார்கள். டாக்டர் போட்டு உடைத்த இல்லைக்கு அப்படி ஒரு வார்த்தை கிடைக்குமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. வீடு இருக்கும் மயிலாப்பூரில் இறங்க மறந்து, அடுத்த ஸ்டாப்பிலிருந்து வெயிலில் நடந்து வந்தாள்.

பேசாமல் பொய் சொல்லிவிடலாம். ஆனால் மற்ற நேரங்களில் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள், இந்தச் சாயங்கால வேளையில் மட்டும் சொன்னதில்லை. இன்று சொன்னால் மிச்சமிருக்கும் சாயங்காலங்களும் கெட்டுப்போகும்.

உண்மையைச் சொல்லலாம். அவர் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே நம்பிக்கையைத் தன் வாயாலேயே பிடுங்க வேண்டும். அதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

பின்னால் வண்டிக்கடையில் எண்ணெய் சடசடத்தது. மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது. சங்கரன் அந்தப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, சமர்த்தாகக் கடலைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அது அவளுக்கு அகப்பட்டது. பொய் இல்லை. ஊதல் இல்லை. இன்று காலை நடந்ததில் அது ஒன்றைத்தான் நல்லது என்று சொல்ல முடியும்.

“ஏன்னா, இனிமே நீங்க மொளகா பஜ்ஜி சாப்பிடலாமாம். டாக்டர் சொல்லிட்டார்.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவர் சந்தோஷப்பட்டுவிடக்கூடாதே என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டாள். சந்தோஷப்பட்டால் அவளால் தாங்க முடியாது.

சங்கரன் சந்தோஷப்படவில்லை. திடீரென்று எப்படி என்றும் கேட்கவில்லை. கையை ஊன்றி எழுந்து, மணலில் தட்டுத்தடுமாறி நடந்துபோய், பேப்பரில் சுற்றி வாங்கிவந்தார். உட்கார்ந்து ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவளிடம் கொடுத்தார்.

ஒரு கடி கடித்ததும் அவருக்குக் கண் கலங்கியது. எத்தனை மாதம் கழித்துத் தின்கிறார், காரம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செல்லுமா என்று மெதுவாகக் கேட்டாள். பேஷாகச் செல்லும் என்றார்.

அடுத்தது அவர் முறை. பேப்பரால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் பலூனுக்கு அழுத ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ போகும்வரை காத்திருந்தார்.

“போன மாசமே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். உங்கிட்ட சொல்ல நேக்கு வாய் வரலை, அதான் உன்னை வரவழைச்சு அவரையே சொல்லச் சொன்னேன். இனிமே உங்கிட்ட மறைக்க வேண்டாம் பாரு, அதான் இன்னிக்கு நல்லது.”