பலூனுக்குப் பயந்தவர்

"பலூனா? நரம்புக்குள்ளயா? நான் மாட்டேன் சார்!"

ஆபரேஷன் மேஜையிலிருந்து குதித்து இறங்கினார் தணிகாசலம். நகரியில் நாலு பவர்லூம் ஓட்டுகிறவர். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறார்.

"நரம்பு இல்லய்யா, ரத்தக்குழாய்" என்றார் டாக்டர். "ஊசி போடுற இடத்துக்கு மேல சுருங்கிடுச்சு. சின்ன பலூனை உள்ளே விட்டு ஊதினா விரிஞ்சிடும். விட்டா மொத்தமா அடைச்சுக்கும். அப்புறம் மெஷினுக்கு ரத்தமே வராது."

"திருத்தணி கிருத்திகையில வாங்கின பலூனே வூடு போய்ச் சேர்றதுக்குள்ள வெடிக்குது. கைக்குள்ள வெடிச்சா இன்னா பண்றது?"

சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரி அங்கியோடு வராந்தாவில் ஓடினார். முதுகுப் பக்கம் முடிச்சுகூடப் போடவில்லை. வார்டே சிரித்தது.

அவர் மனைவி பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? பசங்க ஊதுற பலூனுக்குப் பயந்துகினு ஓடறியே! எந்த மூஞ்ச வெச்சிகினு நான் ஊருக்குப் போவேன்?"

டாக்டருக்குக் கோபம். "கிரேஸ் சிஸ்டர், அடுத்தது ஜெயசீலிதானே? கூப்பிடுங்க."

சித்தூர் மிஷன் பள்ளி டீச்சர் ஜெயசீலி, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே படுத்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் கையில் ரத்தம் பழையபடி ஓடியது.

தணிகாசலத்துக்குக் கை வீங்கியது. கழுத்தில் குழாய் போட்டு ஒரு மாதம் ஒப்பேற்றினார்கள். வார்டில் 'பலூன் மாமா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அடுத்த மாதம், கூப்பிடுவதற்கு முன்பே மேஜையில் ஏறிப் படுத்துக் கையை நீட்டினார்.

"இப்போ பயம் போயிடுச்சா?" என்றார் டாக்டர்.

"பயமா? போன மாசம் பம்பாய்லருந்து பலூன் ஒண்ணே ஒண்ணுதானே சார் வந்துது? அந்த டீச்சரம்மாவுக்கு ஒரு கை ஏற்கெனவே அடைச்சுப் போச்சு. இருக்கறது அந்த ஒரு கைதான். என் பலூனைக் குடுக்கறேன்னா அந்தம்மா வாங்கிக்குமா? இல்ல, நீங்கதான் வரிசைய மாத்துவீங்களா?"

கையுறை மாட்டிக்கொண்டிருந்த டாக்டர் அப்படியே நின்றார். "ஒண்ணுதான் வந்துதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பச்சையம்மாதான். சிஸ்டர் டப்பாவைப் பிரிக்கச்சே பார்த்துட்டு, ஓடியாந்து என் காதுல சொன்னா."

"அவங்களா? அவங்கதானே உங்களை அந்தத் திட்டு திட்டினாங்க!"

கதவோரம் நின்றிருந்த பச்சையம்மாள் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"திட்டலன்னா நீங்க நம்பியிருப்பீங்களா, சார்?"