பத்தாவது நாற்காலி

தொல்லியல் முதுகலையில் பத்துப் பேராவது சேர்ந்தால்தான் இந்த வருடம் வகுப்பு நடக்கும். கடைசி நாள் இன்று, ஐந்து மணி வரை. புதிதாக ஒருவர் சேர்ந்ததுமே கீழே ஸ்டோரிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போடுவது அலுவலக உதவியாளர் மரியசெல்வியின் வழக்கம். நேற்றுவரை நான்குதான். இன்று மட்டும் ஐந்து. மூச்சு வாங்கியது, ஆனாலும் கால் தரையில் பாவவில்லை. நாலரை மணிக்குப் பத்தாவதையும் கொண்டுவந்து போட்டாள்.

“ஒம்பது பேர்தானே செல்வி, இது யாருக்கு?” என்றார் துறைத்தலைவர் இளம்பரிதி.

“ஆள் வந்தாச்சு சார்.”

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து பூர்த்தி செய்த விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “பி.ஏ. கரஸ்பாண்டன்ஸ்ல முடிச்சேன் சார். மார்க் ஷீட் பின்னால இருக்கு.”

பதினெட்டு வருடமாக அந்த வகுப்பறையைத் திறந்து மூடுகிறாள், ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை. நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டு நுனியில் உட்கார்ந்தாள். உடனே ஒரு பயம் வந்தது.

“காலைல கிளாஸ யாரு சார் தெறக்கிறது?”

இளம்பரிதி நிமிரவில்லை. வலது கையால் கையெழுத்துப் போட்டபடியே, சாவிக்காக இடது கையை அவளிடம் நீட்டினார்.